திருப்பூரில் மெர்ச்சண்டைசரா, சொந்த பொட்டீக்கா?

ஃபேஷன் டிசைன் முடித்த பலர் குழம்பி நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். மெர்ச்சண்டைசர் என்றால் ஏற்றுமதி கம்பெனியில் ஒரு ஆர்டரை சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை நடத்திக் கொடுப்பவர். பொட்டீக் என்றால் டிசைன் செய்து தைத்துக் கொடுக்கும் சிறு கடை.

முதலீடு
மெர்ச்சண்டைசர்: கைக்காசு வேண்டாம், மாதச் சம்பளம்.
பொட்டீக்: கடை அட்வான்ஸ், பவர் மெஷின், ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்). ஆறு மாத வாடகையும் டெய்லர் கூலியும் தனியாக ஒதுக்காமல் திறக்காதீர்கள்.

வேலை
மெர்ச்சண்டைசர் வரைவது குறைவு. லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமேற்றிய துணித் துண்டு), ஃபிட் சாம்பிள் (உடம்பில் பொருந்துகிறதா என்று பார்ப்பது), சைஸ் செட் (எல்லா சைஸிலும் தைத்த மாதிரி), பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) என ஒவ்வொன்றுக்கும் ஆர்டர் தந்த பையரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். லேப் டிப்பில் நிறத்தை பையர் நிராகரித்தால், அதில் போகும் நாட்கள் தையலுக்கான நாட்களில்தான் குறையும். கப்பலைத் தவறவிட்டால் சரக்கு விமானத்தில் போகும். லாபமும் அதோடு போகும். துணி வந்ததும் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) கட்டரில் 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டி எடை போடுங்கள்: 180 ஜிஎஸ்எம் என்றால் 1.8 கிராம். 1.65 காட்டினால் கட்டிங்குக்கு அனுப்பாதீர்கள்.

பொட்டீக்கில் டிசைன் முழுக்க உங்களுடையது, பழியும்தான். லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே பிளவுஸ் சுருங்கி இழுக்கும். பிறகு பிரித்துத் தளர்த்த, பக்கத் தையலில் ஒரு அங்குலம் கூடுதல் துணி விடுங்கள்.

ரிஸ்க்
மெர்ச்சண்டைசர்: ஷிப்மென்ட் வாரத்தில் வீடு மறந்துபோகும்.
பொட்டீக்: ஆடியில் கல்யாண ஆர்டர் வற்றும். கட்டிங் மாஸ்டர் திடீரென நின்றால் கடையே நிற்கும்.

கடனோடு படித்தவருக்கும் ஏற்றுமதித் தொழில் கற்க வேண்டியவருக்கும் திருப்பூர். தானே பேட்டர்ன் போட்டு வெட்டத் தெரிந்து, அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே ஆர்டர் வருபவருக்கு பொட்டீக்.