வடிவமைப்பு வெள்ளக் கணக்கு: ஹெக்-ஹெச்எம்எஸ், ரோர்ப், ரீஎஃப்ஹெச் 2 – எதை எப்போது எடுப்பது?

ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு ஒரே 100 ஆண்டு மழையை (எந்த ஓர் ஆண்டிலும் வர நூற்றில் ஒரு வாய்ப்புள்ள மழை) கொடுத்து மூன்று மென்பொருள்களில் ஓட்டினால் மூன்று உச்ச வெள்ளம் வரும். எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. எந்த எண்ணை மென்பொருள் உங்கள் பொறுப்பில் விட்டது, எதைத் தானே நிரப்பிக்கொண்டது என்று பாருங்கள். வேறுபாட்டின் காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

அறிமுகம் சுருக்கமாக. ஹெக்-ஹெச்எம்எஸ் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் வெளியிடுவது. பழைய ஹெக்-1 நிரலின் வாரிசாக 1998-ல் வந்தது, இலவசம். ரோர்ப் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் லாரன்சனும் மீனும் 1970-களில் உருவாக்கியது, இதுவும் இலவசம். ரீஎஃப்ஹெச் 2 பிரிட்டனின் வெள்ள மதிப்பீட்டுக் கையேட்டு முறையைச் சேர்ந்தது. உரிமம் வாங்கித்தான் பயன்படுத்த முடியும். மூன்றும் செய்வது ஒரே வேலை: மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகிறது, மீதி எவ்வளவு நேரத்தில் ஆற்றுக்கு வந்து சேர்கிறது என்று கணக்கிடுவது.

இழப்பு: முதல் பெரிய பிரிவு இங்கேதான்

ஹெச்எம்எஸ்ஸில் இழப்புக்கு ஒரு பட்டியலே இருக்கிறது: தொடக்க இழப்பும் மாறா வீதமும், வளைவெண் (மண்ணும் நிலப்பயன்பாடும் எவ்வளவு நீரை ஓடவிடும் என்று காட்டும் எண்), கிரீன்-ஆம்ப்ட் என்ற ஊடுருவல் சமன்பாடு, மண் ஈரக் கணக்கு என்று நீளும். கையில் அட்டவணை இருப்பதால் பெரும்பாலோர் வளைவெண்ணைத்தான் எடுப்பார்கள். அது எவ்வளவு வழுக்கலான எண் என்பதை ஒரு கணக்கே காட்டிவிடும். வளைவெண் 75 என்றால் மண்ணின் தேக்கக் கொள்ளளவு 84.7 மி.மீ.; அதில் ஐந்தில் ஒரு பங்கு, 16.9 மி.மீ., தொடக்க இழப்பு. 150 மி.மீ. மழைக்கு ஓடுநீர் 81 மி.மீ. வரும். வளைவெண்ணை 80 ஆக்குங்கள்; அதே மழைக்கு 94 மி.மீ. மண் வகையை ஒரு வகுப்பு தள்ளி எடுத்தாலே ஐந்து புள்ளி எளிதாக மாறிவிடும்; வெள்ளத்தின் கொள்ளளவு 15 விழுக்காடு ஏறிவிடும்.

இதில் இன்னொரு பொறி உண்டு. தொடக்க இழப்பை 0.2-க்குப் பதிலாக 0.05 பங்கு என்று வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. அது தவறில்லை. ஆனால் அட்டவணையில் உள்ள வளைவெண்கள் 0.2-க்காகத் தொகுக்கப்பட்டவை. பங்கை மட்டும் குறைத்துவிட்டு பழைய வளைவெண்ணையே விட்டால் ஓடுநீர் வீங்கிப்போகும். பங்கை மாற்றினால் வளைவெண்ணையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

வளைவெண் முறை மழையின் வேகத்தைப் பார்ப்பதில்லை, மொத்த அளவை மட்டுமே பார்க்கிறது. மழை நீள நீள இழப்பு பூஜ்யத்தை நெருங்கும். 24 மணி நேர மழையின் உச்சம் நடுவில் வரும்போது இழப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே தீர்ந்திருக்கும். அளவிட்ட வெள்ளங்கள் இருக்கும் ஆற்றுக்கு, தொடக்க இழப்பும் மாறா வீதமும் கொண்ட எளிய முறையே நம் தேர்வு. அதில் இரண்டு எண்கள்தான். இரண்டையும் பதிவான மழை-வெள்ளத்திலிருந்து நேரடியாக எடுத்துவிடலாம்.

ரோர்ப் இந்த வழியில்தான் போகிறது: தொடக்க இழப்பு, அதன் பிறகு மணிக்கு இத்தனை மி.மீ. தொடர் இழப்பு. வேண்டுமானால் தொடர் இழப்புக்குப் பதில் ஓடுநீர் விகிதம் வைக்கலாம். இங்கே வழக்கமாக நடக்கும் பிழை வேறு. ஆஸ்திரேலிய வடிவமைப்பு மழை என்பது ஒரு புயலின் கனத்த நடுப்பகுதி மட்டும். வழிகாட்டியில் தரப்படும் தொடக்க இழப்போ முழுப் புயலுக்கானது. நடுப்பகுதி தொடங்குவதற்கு முன்பே பெய்த மழை அந்த இழப்பில் ஒரு பகுதியைத் தீர்த்திருக்கும். அதைக் கழிக்காமல் முழு இழப்பையும் போட்டால் வெள்ளம் குறைவாக வரும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.

ரீஎஃப்ஹெச் 2 இழப்பு வீதத்தைக் கேட்பதே இல்லை. மண்ணின் உச்சக் கொள்ளளவு, புயல் தொடங்கும்போது இருக்கும் ஈரம் என்று இரண்டை வைத்து ஓடுநீர் விழுக்காட்டைத் தானே கணக்கிடுகிறது. உச்சக் கொள்ளளவு 400 மி.மீ., தொடக்க ஈரம் 120 மி.மீ., மழை 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தின் பங்கு 30 விழுக்காடு. மழையின் பாதியை உச்சக் கொள்ளளவால் வகுத்தால் 7.5, மொத்தம் 37.5 விழுக்காடு மழை ஓடுநீராகும். தொடக்க ஈரத்தை 100 ஆக்கினால் 32.5. மழை கூடக்கூட விழுக்காடும் ஏறுவது இதன் நல்ல குணம். ஆனால் இந்த அளவுகளை அது பிரிட்டன் மண் வரைபடத்திலிருந்தும் ஆண்டு மழையிலிருந்தும் வருவிக்கிறது. ஆகவே அந்த நாட்டுக்கு வெளியே இதைக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை. உள்ளேயும், நீர் எளிதில் இறங்கும் சுண்ணப்பாறைப் பகுதிகளிலும் பம்ப் வைத்து நீர் வெளியேற்றும் தாழ்நிலங்களிலும் இதன் விடையைத் தனியாக நம்பக் கூடாது.

நேரம்: உச்சத்தைத் தீர்மானிப்பது இதுதான்

ஓடுநீரின் கொள்ளளவு சரியாக இருந்தும் உச்சம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ போகலாம். ஹெச்எம்எஸ்ஸும் ரீஎஃப்ஹெச் 2-ம் அலகு நீர்வரைபடத்தை நம்புகின்றன; ஓர் அலகு ஓடுநீருக்கு ஆற்றின் ஓட்டம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்கும் என்று காட்டும் வளைவு அது. அது நேர்கோட்டு முறை: ஓடுநீர் இரட்டித்தால் வெள்ளமும் இரட்டிக்கும், வந்து சேரும் நேரம் மாறாது. ரோர்ப் அப்படி இல்லை. அதில் தேக்கம் (ஆற்றில் தங்கி நிற்கும் நீர்) என்பது ஓட்டத்தின் 0.8 அடுக்குக்கு ஏற்ப மாறும். ஓட்டம் பத்து மடங்கானால் தாமத நேரம் சுமார் 37 விழுக்காடு குறையும். பெரிய வெள்ளத்தில் ஆறு வேகமாக ஓடும் என்பதை இது கணக்கில் கொண்டுவருகிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? கையில் இருக்கும் பதிவுகள் அநேகமாக 5, 10 ஆண்டு வெள்ளங்கள். அவற்றில் பொருத்திய அலகு நீர்வரைபடத்தை அணையின் மிகப்பெரும் வெள்ளத்துக்கு அப்படியே நீட்டினால் உச்சம் குறைவாக வரும். அதனால்தான் அணைக் கணக்குகளில் அலகு நீர்வரைபடத்தின் உச்சத்தை 25 முதல் 50 விழுக்காடு உயர்த்தும் பழக்கம் வந்தது. ரோர்ப்பில் அந்த ஒட்டுவேலை தேவையில்லை. மறுபக்கமும் உண்டு: வெள்ளம் கரை தாண்டிப் பரந்த சமவெளியில் ஏறினால் ஆறு வேகம் குறையும். அங்கே 0.8 அடுக்கு தவறான திசையில் இழுக்கும். அப்படிப்பட்ட பகுதிக்குத் தனித் தேக்கமாக வைப்பதுதான் வழி.

ரோர்ப்பின் முக்கிய எண், தேக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் கேசி. மென்பொருள் தரும் இயல்பு மதிப்பு 2.2 பெருக்கல் பரப்பின் வர்க்கமூலம். 120 சதுர கி.மீ.க்கு 24 வரும். இதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அளவீட்டு நிலையத்தில் பொருத்திய கேசியை வேறொரு இடத்துக்கு அப்படியே தூக்கிப் போடக் கூடாது. துணைப்பகுதிகளிலிருந்து வெளிவாய்க்கு உள்ள சராசரித் தூரத்தால் வகுத்து, அந்த விகிதத்தைத்தான் கொண்டுபோக வேண்டும். வெள்ள நீர்வரைபடம் வேண்டிய இடத்துக்கு மேலே நாலைந்து துணைப்பகுதிகளாவது இருக்கட்டும். நீர்ப்பிடிப்புக் கோப்பைக் கையால் எழுதினால் குறியீடு 3-ஐயும் 4-ஐயும் இருமுறை பாருங்கள். 3 ஒரு கிளையின் ஓட்டத்தை எடுத்துவைக்கிறது. 4 அதைத் திரும்பச் சேர்க்கிறது. ஒரு 4 விட்டுப்போனால் ஒரு கிளையின் நீரே காணாமல் போகும். மொத்தக் கொள்ளளவைச் சரிபார்ப்பவர் கண்ணில் மட்டுமே அது படும்.

ஹெச்எம்எஸ்ஸில் கணக்கு இடைவெளிதான் அமைதியாகக் கெடுக்கும். 120 சதுர கி.மீ. பரப்பு, தாமதம் 4 மணி என்று எடுங்கள். வளைவெண் முறையை வகுத்த அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையின் அலகு நீர்வரைபடத்தில் உச்சம் வரும் நேரம் என்பது தாமதமும் இடைவெளியில் பாதியும் சேர்ந்தது. இடைவெளி அரை மணி என்றால் 4.25 மணி, ஒரு மி.மீ. ஓடுநீருக்கு உச்சம் விநாடிக்கு 5.9 கன மீட்டர். மழைத் தரவோடு ஒத்துப்போகட்டும் என்று இடைவெளியை 3 மணியாக வைத்தால் 5.5 மணி, 4.5 கன மீட்டர்: உச்சத்தில் 23 விழுக்காடு வீண். இடைவெளி தாமதத்தின் 0.29 பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. இங்கே அது சுமார் 70 நிமிடம்.

சரி என்று இடைவெளியை 15 நிமிடமாகக் குறைத்தால், வெள்ளம் ஆற்றின் வழியே நகர்வதைக் கணக்கிடும் மஸ்கிங்கம் முறையில் வேறு தொல்லை. ஆற்றுப் பகுதியின் பயண நேரம் 2 மணி, எடை 0.2 என்றால் இடைவெளி 0.8 மணிக்கும் 3.2 மணிக்கும் நடுவில் இருக்க வேண்டும். 0.25 மணி அதற்குக் கீழே. வெள்ளம் ஏறுமுன் வரைபடம் ஒரு பள்ளத்தில் இறங்கும், சில நேரம் எதிர்மறை ஓட்டம்கூடக் காட்டும். அதே ஆற்றுப் பகுதியை 8 துணைத்துண்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 0.25 மணி, வரம்பு 0.1 முதல் 0.4 ஆகிவிடும், பள்ளம் போய்விடும். ஆனால் துண்டுகளின் எண்ணிக்கை வெள்ளம் தணியும் அளவையும் மாற்றும் என்பதால், பொருத்தும்போதே அதை முடிவு செய்துவிட வேண்டும்.

100 ஆண்டு மழை 100 ஆண்டு வெள்ளத்தைத் தருமா?

தானாகத் தராது. நனைந்த மண்ணில் 50 ஆண்டு மழை பெய்தால், காய்ந்த மண்ணில் 100 ஆண்டு மழை தருவதைவிடப் பெரிய வெள்ளம் வரலாம். இதை மூன்றும் மூன்று விதமாகக் கையாளுகின்றன.

ஹெச்எம்எஸ்ஸின் நிகழ்தகவுப் புயல் குறுகிய கால மழையை நீண்ட கால மழைக்குள் அடுக்கி வைக்கிறது: 15 நிமிட, 1 மணி, 6 மணி, 24 மணி என எல்லாக் கால அளவுக்கும் அதே 100 ஆண்டு அளவு ஒரே புயலில். எந்தக் கால அளவு ஆபத்தானது என்று தேட வேண்டாம், அது வசதி. இயற்கையில் ஒரே புயல் அப்படி எல்லா அளவையும் தொடுவது அரிது என்பதால் பெரும்பாலும் விடை மேலே சாயும். புயல் பரப்பு என்ற கட்டத்தில் ஆய்வுப் புள்ளிக்கு மேலே உள்ள முழுப் பரப்பையும் கொடுங்கள்; துணைப்பகுதியின் பரப்பைக் கொடுத்தால் பரப்பு சார்ந்த மழைக் குறைப்பு (பரப்பு பெரிதானால் சராசரி மழை குறையும் என்ற திருத்தம்) போதிய அளவு நடக்காது. பல புள்ளிகளில் வெள்ளம் வேண்டுமென்றால் அதற்கென்றே இருக்கும் ஆழம்-பரப்பு ஆய்வைப் பயன்படுத்தலாம்.

ரோர்ப் இதில் முன்னணி. ஒவ்வொரு கால அளவுக்கும் பத்து மழை வடிவங்களை ஓட்டி, சராசரி உச்சத்தை எடுக்கலாம். அல்லது மழை, வடிவம், தொடக்க இழப்பு மூன்றையும் மான்டி கார்லோ முறையில் கலைத்துப் போட்டு, வெள்ளத்தின் நிகழ்தகவையே நேரடியாகப் பெறலாம். அணை வெளியேற்று வழிக்கு இதைத்தான் எடுப்போம். ஹெச்எம்எஸ்ஸிலும் நிச்சயமின்மை ஆய்வு இருக்கிறது. ஆனால் பரவல்களை ஒவ்வொன்றாக நீங்களே அமைக்க வேண்டும்.

ரீஎஃப்ஹெச் 2 ஒரே சமச்சீர் மழை வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. நாட்டுப்புறத்துக்குக் குளிர்காலப் புயல், நகர்ப்பரப்பு மிகுந்த இடத்துக்குக் கோடைப் புயல். தொடக்க ஈரத்தை அளவிட்ட வெள்ளப் பதிவுகளோடு ஒத்துப்போகும்படி ஏற்கெனவே பொருத்திவிட்டார்கள். புயலின் கால அளவு: உச்ச நேரத்தை, ஒன்றுடன் ஆண்டு மழையின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டி வந்த எண்ணால் பெருக்க வேண்டும். உச்ச நேரம் 6 மணி, ஆண்டு மழை 1000 மி.மீ. என்றால் 12 மணி. கால அளவு இடைவெளியின் ஒற்றைப்படை மடங்காக இருக்க வேண்டும் என்பதால் ஒரு மணி இடைவெளியில் 11 அல்லது 13. பெரிய ஆற்றைத் துணைப்பகுதிகளாகப் பிரித்து ஆற்றோட்ட மாதிரிக்கு ஊட்டும்போது, ஒவ்வொரு துணைப்பகுதிக்கும் அதனதன் கால அளவைப் போட்டுக் கூட்டுவது அடிக்கடி பார்க்கும் தவறு. புயல் ஒன்றுதான். முழுப் பகுதியின் கால அளவும் பரப்புக் குறைப்பும் எல்லாத் துணைப்பகுதிக்கும் பொது.

தேர்வு

அளவிட்ட வெள்ளம் மூன்று நான்கு இருந்து, அணை அல்லது அரிய வெள்ளம் என்றால் ரோர்ப். தரவு கலவையாக, தேக்கங்கள், கால்வாய்கள், திருப்பிவிடும் மதகுகள் என்று சிக்கல் மிகுந்த ஆற்று அமைப்பு என்றால் ஹெச்எம்எஸ். அதன் உறுப்புகளின் வகை மற்ற இரண்டிலும் இவ்வளவு இல்லை. பிரிட்டனில், அளவீடே இல்லாத சிற்றாறு என்றால் ரீஎஃப்ஹெச் 2. நகர வடிகால் குழாய்தான் கேள்வி என்றால் மூன்றையும் விட்டுவிட்டு ஸ்விம் (SWMM) என்ற வடிகால் மென்பொருள் பக்கம் போங்கள். குழாய் நிரம்பிப் பின்னோக்கித் தள்ளுவதை இந்த மூன்றும் காட்டாது.

எதை எடுத்தாலும் பொருத்தும்போது ஒரு பெரிய வெள்ளத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். கடைசியில் சோதிக்க அது வேண்டும். இழப்பைக் கொள்ளளவுக்கும், கேசியையோ தாமதத்தையோ உச்சத்தின் நேரத்துக்கும் பொருத்துங்கள். இரண்டையும் உச்சத்தின் அளவுக்கே திருகினால் ஒன்றின் பிழையை மற்றொன்று மறைத்துவிடும். பதிவான உச்சம் என்பதும் பல நேரம் நீர்மட்டத்தை மட்ட-ஓட்ட வளைவில் (எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் வளைவு) நீட்டி வாசித்ததுதான். அந்த வளைவுக்கு நேரில் அளந்த மிக உயர்ந்த ஓட்டம் எவ்வளவு என்று பாருங்கள். உச்சம் அதைவிட இரண்டு மூன்று மடங்கு என்றால், அந்த ஒரு புள்ளிக்காக மாதிரியை வளைக்க வேண்டாம்.