ஓடுகிறவர்களுக்குச் செய்த வாட்ச், உட்காருவதற்காக வாங்கினேன்

தலைக்குக் குளித்தால் இரண்டு நாள் கழித்துப் படுத்துவிடும் ஆள் நான். நாள்பட்ட சோர்வு நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. செய்யும்போது ஒன்றும் தெரியாது. 12 மணி நேரமோ 48 மணி நேரமோ கழித்து மொத்தமாக வந்து சாய்க்கும். உடம்பு சொன்னதும் நிறுத்திக்கொள்ளலாம் என்றால், அது சொல்வதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

அதனால்தான் இந்த இதயத்துடிப்பு வாட்ச். பேசிங், அதாவது உடம்பின் சக்திக்குள் அடங்கும்படி வேலையை அளந்து செய்வது. அதைச் செய்கிறவர்கள் பலரும் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு: காலையில் எழுவதற்கு முன் இருக்கும் துடிப்பை ஏழு நாள் குறித்து, சராசரியோடு 15 கூட்ட வேண்டும். எனக்கு 68, ஆக 83. துடிப்பு அதைத் தாண்டினால் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். சில வாட்ச்களில் 100க்குக் கீழே அலாரமே வைக்க முடியாது. இதில் முடிகிறது, வாங்கியதே அதற்காகத்தான்.

முதல் நாள் பல் தேய்க்கும்போதே மணிக்கட்டில் அதிர்ந்தது. குளியலறையில் ஷாம்பு போடக் கையைத் தூக்கினேன், 118. நம்பாமல் கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். கிட்டத்தட்ட சரிதான்! இத்தனை நாள் குளியலை ஒரு வேலையாகவே நான் கணக்கில் வைக்கவில்லை. இப்போது உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கிறது. துணியைப் பாதி மடித்துவிட்டுப் பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுக்கிறேன், அப்புறம் மீதி. மாடிப்படியில் நடுவிலேயே உட்கார்ந்துவிடுகிறேன், யார் பார்த்தாலும் சரி. மூன்று மாதத்தில் நோய் ஒன்றும் போய்விடவில்லை. ஆனால் வாரம் ஒருமுறை படுக்கையில் விழுந்தவள், மாதம் இரண்டு முறைதான் விழுகிறேன்.

இனி குறைகள். மணிக்கொரு தடவை ‘எழுந்து நடங்கள்’ என்று நச்சரிக்கும். அணைக்க வழியே இல்லை. நடை இலக்கையும் 1,000க்குக் கீழே இறக்க விடாது. 340 காலடியோடு ஒழுங்காக முடித்த நாளில் ‘இன்னும் 660தான், உங்களால் முடியும்’ என்கிறது. முடியும்தான், அடுத்த மூன்று நாள் யார் படுப்பது? பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தர வேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2021இலேயே சொல்லிவிட்டது. வாட்ச் செய்தவர்கள் காதில் விழவில்லை போலிருக்கிறது.

பட்டை தளர்ந்தால் எண் தாறுமாறாகும். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையே துடிப்பை அடக்கிவைப்பதால், இந்த 83 கணக்கை நம்ப முடியாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். சார்ஜ் நான்கு நாள் நிற்கிறது, போதும்.

பெரிய ஓட்டை வேறு. மூளை வேலை இதற்குத் தெரியாது. போன மாதம் அக்காவோடு போனில் ஒரு மணி நேரம் பேசினேன், முழுக்கப் படுத்துக்கொண்டே. துடிப்பு 72ஐத் தாண்டவில்லை, வாட்ச் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் திரைச்சீலையைக்கூட விலக்க முடியாமல் கிடந்தேன். இப்போது அக்கா கூப்பிட்டால் சமையலறை டைமரில் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்கிறேன். நேற்று அது அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பேசிவிட்டேன். வாட்ச் 71 காட்டியது. நாளைக்குத் தெரியும்.