கூண்டுக்குள் கைவிட்டுப் பார்த்தோம்: சமூக மன்றத்தில் நடந்த தமிழ் அறிவியல் உரை

சென்ற சனிக்கிழமை மாலை எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் டெங்கிக் காய்ச்சலைப் பற்றித் தமிழில் நடந்த அறிவியல் உரைக்கு, எழுபத்திரண்டு வயதாகும் என் தாயாரை அழைத்துச் சென்றிருந்தேன். அனுமதி இலவசம். ஏறக்குறைய நாற்பது பேர் வந்திருந்தனர், பெரும்பாலோர் மூத்தோர்.

2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டதை நினைவூட்டி உரையைத் தொடங்கிய இளம் பூச்சியியலாளரை, முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் இடைமறித்தார். "கொசுவை ஒழியுங்கள் என்று வீடு வீடாக வந்து சொல்லிவிட்டு, இப்போது கொசுவைக் கொண்டுவந்து விடுகிறார்களே, அது ஏன் தம்பி?" பூச்சியியலாளர் தாம் தயாரித்து வந்த படவில்லைகளை ஒதுக்கிவிட்டு, அந்தக் கேள்விக்கு மட்டும் இருபது நிமிடம் விடை சொன்னார். அந்த மாலையின் மிகச் சிறந்த பகுதி அதுவே.

வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் பட்டாம்பூச்சி, தும்பி உள்ளிட்ட எத்தனையோ பூச்சிகளின் உடலில் இயற்கையாகவே வாழ்கிறது. ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவில் அது இயல்பாகக் காணப்படுவதில்லை. அதை உடலில் கொண்ட ஆண் கொசு, அது இல்லாத பெண் கொசுவுடன் கூடினால் இடப்படும் முட்டைகள் பொரிப்பதில்லை. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016இல் தெம்பனிஸ் வெஸ்ட் உள்ளிட்ட பகுதிகளில், அத்தகைய ஆண் கொசுக்களை மட்டும் வெளியே விட்டுக் கொசுக்களைக் குறைக்கும் இம்முறையைச் சோதிக்கத் தொடங்கியது. தவறிப்போய்ப் பெண் கொசுக்களும் கலந்து வெளியே போனால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டபோது, கூட்டுப்புழுப் பருவத்தில் பெண் சற்றுப் பெரிதாக இருப்பதால், ரவையைச் சலிப்பதுபோல் அளவு பார்த்துப் பிரித்துவிடலாம் என்றும், அதையும் மீறித் தப்பும் பெண் கொசு இனம் பெருக்காதபடி குறைந்த அளவு ஊடுகதிர் செலுத்தப்படுகிறது என்றும் அவர் விளக்கினார். தமிழில் அறிவியலைச் சொன்னால் நீர்த்துப்போகும் என்று எண்ணுவோர் இந்த விடையைக் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு ஆண் கொசுக்கள் நிறைந்த வலைக்கூண்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். ஆண் கொசு செடிச்சாற்றை உண்டு வாழ்வது, இரத்தம் குடிக்காது என்று எத்தனை முறை கேட்டிருந்தாலும், என் தாயார் தன் கையை உள்ளே விட்டு, ஒன்றும் கடிக்காமல் வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் தோன்றிய வியப்பை நான் மறக்க மாட்டேன். உருப்பெருக்கி வழியே ஆணின் இறகு போன்ற உணர்கொம்பையும் கண்டார்.

துணி காயப்போடும் கழிகளைச் செருகும் குழாய்களை மூடி வைப்பது, பூந்தொட்டித் தட்டு நீரைக் கொட்டுவது முதலிய அறிவுரைகள் அனைவரும் அறிந்தவையே. அவற்றுக்குச் செலவிட்ட நேரத்தைக் கேள்விகளுக்குத் தந்திருக்கலாம். ஒலிபெருக்கியும் பின்வரிசைக்கு எட்டவில்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது தமிழ்த் துண்டறிக்கைதான். "வோல்பாக்கியா கொசுக்கள் கடிக்காது" என்று அதில் அச்சாகியிருந்தது. கடிக்காதது ஆண் கொசு மட்டுமே. வோல்பாக்கியா உள்ள பெண் கொசு கடிக்கும். ஒரே ஒரு சொல் விடுபட்டதால் அறிவியலே பிழையாகிவிட்டது. தமிழ் அறிந்த ஒருவரும் துறை அறிந்த ஒருவரும் சேர்ந்து படித்துப் பார்த்த பிறகே இத்தகைய தாள்களை அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். அடுத்த உரைக்கும் செல்வோம். வீடு திரும்பியதும் என் தாயார் பேனாவை எடுத்து, கொண்டுவந்த இரண்டு தாள்களிலும் "ஆண்" என்ற சொல்லைச் சேர்த்து எழுதி, ஒன்றை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தார்.