கணையத்தில் ரத்தக்கசிவு: கத்தியா, கம்பிச்சுருளா?

பித்தப்பைக் கல் இறங்கிக் குழாய் வாயை அடைத்து, கணையம் வெந்துபோய், மூன்று வாரம் ஐசியுவில் கிடந்து தேறிவரும் நோயாளி. காய்ச்சல் இல்லை, கஞ்சி இறங்குகிறது. வயிற்றுக்குள் தேங்கும் கழிவை வெளியே வடிக்கும் குழாயின் (டிரெயின்) பையில், நேற்றுவரை சேற்று நிறத்தில் வடிந்த இடத்தில், இன்று காலை 50 மில்லி ரத்தம். தானாக நின்றும் விட்டது. இதை நம்பி விட்டுவிடக் கூடாது. கணைய நொதிகள் பக்கத்துத் தமனியின் சுவரை அரித்திருக்கலாம். பெரும்பாலும் மண்ணீரல் தமனிதான். அரித்த இடம் புடைத்து நிற்கும். முதலில் எட்டிப் பார்க்கும் இந்தச் சின்னக் கசிவுக்குப் பிறகு, சில மணி நேரத்திலோ சில நாளிலோ அது வெடிக்கலாம். உடனே சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன், எடுக்க வேண்டும்.

புடைப்பு தெரிகிறது, சரி. அடைப்பது எப்படி?

வயிற்றைத் திறந்தால், தமனியைக் கட்டுவதைவிட அதுவரை போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, அழுகி, தொட்ட இடமெல்லாம் கசியும்; தையல் திசுவை அறுத்துக்கொண்டு வரும். கதீட்டர் என்னும் மெல்லிய குழாயோ தொடைத் தமனி வழியாக ரத்தக்குழாய்க்குள்ளேயே போய், தமனியை அடைக்கும் சின்னக் கம்பிச்சுருளை உள்ளே வைக்கிறது. தொடையில் அந்த இடம் மட்டும் மரத்தால் போதும். சுருளைப் புடைப்புக்கு முன்னால் மட்டும் வைத்துவிட்டு வந்தால் வேலை பாதிதான். கிளைகள் வழியாக ரத்தம் பின்பக்கமாகத் திரும்பி வரும். முன்வாசல், கொல்லை இரண்டையும் அடைக்க வேண்டும். மண்ணீரலில் கொஞ்சம் பகுதி செத்துப்போகலாம், படம் தெரியச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் படுத்தலாம், மறுபடி கசியவும் செய்யலாம். இருந்தும் என் ஓட்டு முதலில் சுருளுக்குத்தான்.

குடலுக்குப் போகும் பெரிய தமனியில் புடைப்பு என்றால் அடைக்கவே முடியாது, குடல் செத்துவிடும். அங்கே உறை போட்ட ஸ்டென்ட் (தமனிக்குள் விரித்து வைக்கும் வலைக்குழாய்) நல்லது, ரத்தம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பாம்பாக வளையும் மண்ணீரல் தமனியில் அதை நுழைப்பது சிரமம். எண்டோஸ்கோப்பி இரைப்பைப் புண்ணுக்குக் கைகொடுக்கும். இங்கே பெரும்பாலும் கசியும் இடமே அதன் கண்ணுக்குப் படாது.

கத்திக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. சுருள் தோற்றால், அல்லது சுருள் வைக்கும் ஆஞ்சியோ அறைவரை கொண்டுபோக முடியாத அளவுக்கு ரத்த அழுத்தம் விழுந்தால், திறந்துதான் ஆக வேண்டும். கசிவது சிரை என்றாலும் தமனியில் வைக்கும் சுருளால் பயனில்லை. அப்போதும் குழிக்குள் துணிச்சுருளைத் திணித்து அழுத்திவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி திறந்து எடுப்பதே பல சமயம் முடிகிற காரியம்.