ரத்தம் எடுப்பதற்கு முன் நடந்த பேச்சு: புராஸ்டேட் செக்கப் போய் வந்த அனுபவம்

எனக்கு 64 வயது. இரண்டு மாதத்துக்குள் இரண்டு இடங்களில், ஆண்களுக்கு மட்டும் இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கான பரிசோதனை செய்துகொண்டேன். ஒன்று, ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றின் ‘முழு உடல் பேக்கேஜ்’. இன்னொன்று, சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜி டாக்டர் ஒருவரின் கிளினிக். இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. போகிற இடத்தில் என்ன கேட்க வேண்டும், என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் எந்த இடத்தையும் நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம்.

நான் போனதற்குக் காரணம் என் அண்ணன். எட்டு மாதமாக இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வயசானால் வருவதுதானே என்று மாத்திரையும் பெல்ட்டுமாக நாள் ஓடியது. கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. அவருக்குச் சிறுநீர் போவதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை. அதனால்தான் யாருக்கும் அந்தப் பக்கம் யோசனையே போகவில்லை.

முதலில் லேப். வீட்டுக்கே வந்து வலிக்காமல் ரத்தம் எடுத்தார்கள், நேரத்துக்கு வந்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அன்று இரவு பத்தே முக்காலுக்கு போனில் ரிப்போர்ட் வந்தது. எழுபது வரிகளுக்கு நடுவே ‘பி.எஸ்.ஏ. 6.4’ என்று சிவப்பு எழுத்தில், பக்கத்தில் மேல் நோக்கி ஒரு அம்புக்குறி. எதிரில் ‘4-க்குள்’ என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. லேபுக்குப் போன் செய்தால் காலை எட்டு மணிக்குக் கூப்பிடச் சொல்லி ரெக்கார்ட் செய்த குரல். அண்ணன் முகம்தான் கண் முன்னால் நின்றது. அன்று ராத்திரி நானும் தூங்கவில்லை, என் மனைவியும் தூங்கவில்லை. இப்படி ஒரு ரிசல்ட்டை விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல் அனுப்பக் கூடாது. இதை அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

அப்புறம் கிளினிக். டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பி வைத்துவிட்டு, “சார், போன மாசம் யூரின் எரிச்சல், காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டார். இருந்தது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு முடித்திருந்தேன். இரண்டும் சம்பந்தப்பட்டவை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். புற்றுநோய் வந்தாலும் ஏறும். கிருமித் தொற்று வந்தாலும், வயசுக்கேற்ப சுரப்பி பெருத்தாலும், முந்தைய இரண்டு நாளில் விந்து வெளியேறியிருந்தாலும் ஏறலாம். சுரப்பி வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு நேர் எதிராக, ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். பி.எஸ்.ஏ. 4-இலிருந்து 10 வரை உள்ளவர்களுக்குச் சதை எடுத்துப் பார்த்தால் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும் என்றார். இதை முதல் நாள் ராத்திரியே யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் அண்ணன் விஷயத்தைக் கேட்டேன். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது இந்தச் சுரப்பி. வயசானால் வரும் சாதாரண வீக்கம் குழாயை ஒட்டிய நடுப் பகுதியில் வருவதால் குழாயை நெருக்கும். ராத்திரி நாலு முறை எழ வைக்கும். புற்றுநோய் பெரும்பாலும் வெளி ஓரத்தில் தொடங்கும். அங்கே நெருக்குவதற்குக் குழாய் இல்லை. அதனால் ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் தெரியாமலே வளரும். எட்டு மாதமாக எங்களுக்குப் பிடிபடாதது அந்த ஒரு படத்தில் புரிந்தது.

எல்லாரும் பயப்படுகிற விரல் பரிசோதனைக்கு, அதாவது ஆசனவாய் வழியாக விரல் விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பதற்கு வருகிறேன். அதற்கு முன் என் உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். “கட்டை விரலுக்குக் கீழே இருக்கிற சதையை அழுத்திப் பாருங்க. சுரப்பி இப்படி இருந்தா நல்லது. இப்ப விரல் முட்டியைத் தொடுங்க. இந்த மாதிரி கெட்டியா ஏதாவது தட்டுப்பட்டாத்தான் யோசிப்போம்.” பிறகு பக்கவாட்டில் படுக்க வைத்து, ஒவ்வொன்றையும் முன்னதாகச் சொல்லிச் செய்தார். கால் நிமிடம் கூட ஆகவில்லை. அசௌகரியம் உண்டு, வலி இல்லை. இதற்குக் கூச்சப்பட்டு வருஷக்கணக்கில் தள்ளிப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் தள்ளிப் போட்டவன்தான்.

தொற்று முழுக்க அடங்கட்டும், ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். 3.1. அதற்கு முன்பே, ஏறியிருந்தால் அடுத்து எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகம் இருந்தால் மட்டும் சதைப் பரிசோதனை, மெதுவாக வளரும் வகை என்றால் சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பது கூட உண்டு என்று வழியை வரிசையாகச் சொல்லி வைத்திருந்தார். ரிசல்ட்டையும் அவரே போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

குறைகள் உண்டு. சிறுநீர் வேகம் பார்க்கும் கருவிக்காக நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள்; குடித்துவிட்டுப் போனால் ஒன்றரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். தாத்தா வயதுக்காரர்கள் வராந்தாவில் நடந்தபடியே தவித்தார்கள். ஒருவர் அடக்க முடியாமல் போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். முகப்பில் இருந்த பெண் “என்ன பிரச்சினை, யூரினா?” என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். வெளியே இவ்வளவு கவனமில்லாமல் இருந்தால், உள்ளே டாக்டர் எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும் பாதிப் பேர் வாயில் வரை வந்து திரும்பிவிடுவார்கள். ஐந்துக்கு நாலுதான் தருவேன். அந்த நாலும் டாக்டரின் பேச்சுக்கு.

யார் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 2018-இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு சொன்னபடி, 55 முதல் 69 வரை டாக்டரிடம் நன்மை தீமை பேசி முடிவெடுக்க வேண்டும், 70-க்கு மேல் தொந்தரவு இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்வதை அந்தக் குழு பரிந்துரைக்கவில்லை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. அப்படிப்பட்டவர்கள் 45-லேயே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது என்றார் என் டாக்டர்.

என் தம்பிக்கு 58. வருகிற செவ்வாய்க்கிழமை அவனை அழைத்துப் போகிறேன். காத்திருக்க வேண்டாமே என்று அன்றைய முதல் அப்பாயின்ட்மென்ட்டை வாங்கி வைத்திருக்கிறேன். தண்ணீரை அங்கே போய்த்தான் குடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.