டர்பனில் மூக்கு ஆபரேஷன்: ஆறு மாதம் கழித்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆபரேஷனால் என் தூக்க வியாதி (ஆப்னியா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போவது) போகவில்லை. அதற்காக ராத்திரி மாட்டிக்கொள்கிற மெஷினும் போகவில்லை. அந்த ஆசையில் போகிறவர்கள் பணத்தை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் போனது வேறு காரியத்துக்கு. அது நடந்தது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒரு மார்க் எங்கே போனது என்பது பில் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

சொந்த ஊர் தூத்துக்குடி. பதினாலு வருஷமாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் கணக்கு வாத்தியார், வீடு வெருலத்தில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் ரோபோவில் (சிக்னலுக்கு இங்கே அதுதான் பெயர்) சிவப்புக்கு வண்டியை நிறுத்தியவன் அப்படியே தூங்கிவிட்டேன். பின்னால் நின்ற டாக்சிக்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. நல்ல மனுஷன், இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்பினார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "ராத்திரி நீங்க மூச்சு விடுறீங்களான்னு நான் எண்ணிட்டு இருக்கேங்க, உங்களுக்குத்தான் தெரியல" என்றாள்.

விரலில் கிளிப், நெஞ்சில் பெல்ட், மூக்கில் சின்னக் குழாய் என்று ஒரு ராத்திரி வீட்டிலேயே சோதனை. மணிக்கு 41 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று ரிப்போர்ட். 30-ஐத் தொட்டாலே கடுமை என்பார்கள். சிபாப் மெஷின் வாங்கியாயிற்று.

இந்த மெஷின் செய்வது ஒரே வேலை. காற்றை அழுத்தித் தள்ளி, தூக்கத்தில் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இதை முதலில் செய்து காட்டியபோது காற்றை மூக்கு வழியாகத்தான் விட்டார். என் மூக்கோ, பதினாலு வயதில் கிரிக்கெட் பந்து பட்ட மூக்கு. நடுச்சுவர் இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. வலது பக்கம் வழி இருந்தும் உள்ளே சதை வீங்கி அதையும் அடைத்துவிட்டது. ஆகவே மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய முகமூடி. அதை மாட்டிக்கொண்டு திரும்பிப் படுத்தால் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டும். மாட்டிய மூணு, மூணரை மணி நேரத்தில் எனக்கே தெரியாமல் கழற்றி எறிந்திருப்பேன். லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) காலத்தில் நடு ராத்திரி கரண்ட் போனால் இன்னும் விசேஷம். முகமூடியில் அதற்கென்று ஒரு வால்வு இருக்கிறது, வெளிக்காற்று வரும், மூச்சு முட்டாது. ஆனால் அது தூக்கத்திலிருந்து அலறி எழுகிறவனுக்குத் தெரியுமா?

மூக்கடைப்புக்கு நான் செய்த வைத்தியமும் தப்பு. மருந்துக்கடையில் வாங்குகிற சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டேன். நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும் என்று இஎன்டி டாக்டர் திட்டியபிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி தன் பங்குக்கு யூகலிப்டஸ் இலை பறித்து வந்து ஆவி பிடிக்கச் சொன்னார். நொச்சிக்கு இங்கே எங்கே போவது. ஆவி சுகமாகத்தான் இருந்தது. வளைந்த குருத்தெலும்பை அது நிமிர்த்துமா?

ஆபரேஷன் பற்றிக் கேட்டபோது ஒரு இடத்தில் "குறட்டையே போய்விடும்" என்று சத்தியம் பண்ணாத குறை. பெயர் வேண்டாம். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் மூக்குக்குள் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, "மூக்கை நேராக்கினால் ஆப்னியா போகாது, மெஷினோடு உங்களுக்கு ஒத்துப்போகும், அவ்வளவுதான்" என்றார். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பிடித்திருந்தது.

போன ஜூலை பள்ளி விடுமுறையில் செய்தார்கள். முழு மயக்கம். நடுச்சுவரை நேராக்குவது, இரண்டு பக்கத்துச் சதையையும் ரேடியோ அலை ஊசியால் சுருக்குவது. எல்லாம் துவாரத்துக்குள்ளேயே, முகத்தில் ஒரு கீறல் கிடையாது. மற்றவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மயக்க மருந்துக்குப் பிறகு ஆப்னியா ஆட்களை விட்டுவிட முடியாது என்று என்னை மட்டும் விரலில் கிளிப் மாட்டி ஒரு ராத்திரி வைத்துக்கொண்டார்கள். அந்த நர்ஸம்மாக்களுக்கு முழு மார்க்.

அடுத்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. இரண்டு துவாரத்திலும் பிளாஸ்டிக் தகடு. மெஷின் கூடாது என்று என் டாக்டர் உத்தரவு (ஆளுக்கு ஆள், டாக்டருக்கு டாக்டர் இது மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்). சோபாவில் நாலு தலையணை வைத்து உட்கார்ந்த மாதிரியே ஏழு ராத்திரி. வலி என்று பெரிதாக இல்லை. ஆனால் வாயாலேயே மூச்சு விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், ஒரு வாய் ரசம் சோற்றுக்கு இரண்டு தடவை நிறுத்த வேண்டும். ருசி வேறு கிடையாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மேல்வரிசை முன்பல் இரண்டும் மரத்துப்போயின. பயந்து போன் பண்ணினால், நடுச்சுவரைத் தொட்டால் அப்படித்தான், திரும்பி வரும் என்றார்கள். வந்தது, இரண்டு மாதம் கழித்து. இதை முன்னாடியே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

எட்டாம் நாள் தகட்டை உருவினார்கள். இவ்வளவு நீளம் என் மூக்குக்குள் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்குக் கணக்கு சரியாக வரவில்லை. ஆனால் உருவின அடுத்த நொடி இடது பக்கம் ஜில்லென்று காற்று ஏறியது. டர்பன் குளிர்காலத்தைக் குளிர் என்று நான் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை, அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷமும் இரண்டு நாள்தான். பொருக்கும் வீக்கமும் வந்து மறுபடி அடைத்துவிட்டது. மூணு வாரம் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவியபிறகுதான் நிலைத்தது. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாயிலிருந்து நேராகப் பிடித்து விடாதீர்கள்.

இப்போது பெரிய முகமூடி அலமாரியில். துவார ஓரத்தில் மட்டும் உட்காருகிற சின்னதுதான் போடுகிறேன். 13-ல் ஓடிய மெஷினின் காற்றழுத்தம் 10-க்கு இறங்கியிருக்கிறது. மெஷின் போட்டும் மணிக்கு 8 தடவை என்று மிச்சமிருந்த மூச்சுத் தடை 2 ஆகிவிட்டது. ராத்திரி முகமூடி போட்டிருக்கிற மூணரை மணி நேரம் ஆறரை ஆயிற்று. இதில் ஆபரேஷனின் பங்கு எவ்வளவு, முகமூடி மாற்றியதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. ஆனால் அந்த ஆபரேஷன் இல்லாமல் இந்த முகமூடியைப் போட்டிருக்கவே முடியாது.

பில்லுக்கு வருகிறேன். மெடிக்கல் எய்டில் (இங்கே மருத்துவக் காப்பீட்டுக்கு அதுதான் பெயர்) ஆத்தரைசேஷன் நம்பர், அதாவது முன் அனுமதி, வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த நம்பர் வந்ததால் டாக்டர்கள் கேட்கிற தொகை முழுவதையும் அவர்கள் கொடுப்பார்கள் என்று அர்த்தமில்லையாம். மயக்க டாக்டரின் பில் தனியாக, மூணு வாரம் கழித்து, ஈமெயிலில் வந்தது. மெடிக்கல் எய்ட் தன் ரேட்டுக்குக் கொடுத்தது போக 4,600 ராண்ட் என் தலையில். இப்படி விழுகிற மிச்சத்துக்கென்றே இருக்கிற கேப் கவர் என்ற தனிக் காப்பீட்டை எடுத்திருந்தால் தப்பித்திருப்பேன். அது எடுத்த உடனே எல்லாவற்றுக்கும் கிடைக்காது, காத்திருப்புக் காலம் உண்டு, முன்யோசனை வேண்டும். கொடுக்க மாட்டேன் என்றா சொல்லப் போகிறேன்? தேதி குறிக்கும்போதே எல்லார் ரேட்டையும் ஒரு தாளில் எழுதித் தர என்ன கஷ்டம்? அந்த ஒரு மார்க் அங்கேதான் போனது.

கரும்புத் தோட்டம் எரிக்கிற காலத்தில் வெருலத்தில் காயப்போட்ட துணியெல்லாம் கரி படியும். அப்போது மூக்கு இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, கழுவினால் சரியாகிறது. மனைவிக்குத்தான் புதுப் பிரச்சினை. காற்று கசிகிற சத்தம் நின்றுபோனதால் மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று தெரியவில்லையாம். ராத்திரி என் மூக்குக்குக் கீழே கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் படுக்கிறாள்.