குன்னூரில் மதர்போர்டு பழுதுபார்க்கும் ஒரு கடை

பவர் பட்டனை அழுத்தியும் அசைவே காட்டாத என் மடிக்கணினிக்கு மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று வேறொரு சேவை மையத்தில் கைவிரித்துவிட்டதால், குன்னூர் பெட்போர்டு அருகிலுள்ள ஒரு சிறிய கடையில் கொடுத்தேன். கடைக்காரர் எதையும் ஊகித்துச் சொல்லாமல், சார்ஜரிலிருந்து 19 வோல்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிரதான மின்பாதையை மல்டிமீட்டரால் அளந்தார். மின்தடை ஏறக்குறைய பூஜ்ஜியம் ஓம். அதாவது, அந்தப் பாதை எங்கோ கிரவுண்டுடன், அதாவது சுற்றின் பூஜ்ஜிய வோல்ட் பக்கத்துடன், நேரடியாக இணைந்து ஷார்ட் ஆகியிருந்தது. பிறகு போர்டின் மீது சூடு பட்டால் சீக்கிரம் ஆவியாகும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தடவி, பவர் சப்ளையிலிருந்து 1 வோல்ட் மட்டும் செலுத்தியபோது, ஈரம் படர்ந்திருந்த பரப்பில் கடுகளவு செராமிக் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்) ஒன்றின் மேல் மட்டும் சட்டென்று காய்ந்தது. ஷார்ட் ஆன பாகம்தான் சூடாகும் என்பதால், பழுது அங்கேதான். சூடான காற்றால் அதை எடுத்துவிட்டு, அதே மதிப்புள்ள வேறொன்றைப் பொருத்தியதும் கணினி இயங்கியது. இப்படி அளந்து பார்த்துப் பேசுபவரிடம்தான் பொருளை நம்பிக் கொடுக்க மனம் வருகிறது. மலையின் மழைக்கால ஈரத்தில் பச்சை பூத்திருந்த இணைப்பு முனைகளையும் கேட்காமலேயே சுத்தம் செய்து தந்தார். மாற்றிய பாகத்தின் விவரத்தை ரசீதில் எழுதித் தந்திருக்கலாம் என்பதே என் ஒரே குறை.